பித்த நாளத்தை அரிக்கும் செல்கள்: வாசகர் கேள்விகளும் கல்லீரல் மருத்துவரின் பதில்களும்

தன்னுடல் தாக்கு நோய்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், கல்லீரலுக்குள் இருக்கும் பித்த நாளங்கள் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 52. ஒன்றரை ஆண்டாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு. இரவில் தூக்கமே இல்லை. தோல் மருத்துவர் தந்த களிம்புகளால் பயனில்லை. பிறகு ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 420 என்று வந்தது. ஏ.எம்.ஏ. பாசிட்டிவ் என்றும், என் உடலின் எதிர்ப்புச் செல்களே பித்த நாளத்தை அழிக்கின்றன என்றும் டாக்டர் சொல்கிறார். மதுவை என் வீட்டில் யாருமே தொட்டதில்லை. ஸ்கேனிலும் எல்லாம் நார்மல் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க இது எப்படி? – வாசகி, கும்பகோணம்

பதில்: மதுவைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது முதன்மைப் பித்தநாள அழற்சி. மருத்துவர்கள் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்று எழுதும் நோய். இதற்கும் மதுவுக்கும் தொடர்பு கிடையாது. பித்தம் தேங்கும்போது ரத்தத்தில் கூடும் நொதியாகிய ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஆறு மாதங்களுக்கு மேல் உயர்ந்தே இருப்பது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியாகிய ஏ.எம்.ஏ. ரத்தத்தில் இருப்பது, பயாப்ஸியில் உரிய மாற்றங்கள் தெரிவது ஆகிய மூன்றில் இரண்டு அமைந்துவிட்டால் நோய் உறுதி என்று கொள்ளலாம் என்பதால், உங்களைப் போன்ற பலருக்குக் கல்லீரலில் ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுக்கும் தேவையே வருவதில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளில் இதே நோய் 'சிரோசிஸ்' என்ற சொல்லோடு காணப்படும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கண்டறியப்படும் வேளையில் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் இருப்பதில்லை என்பதால் 2015இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

இனி அந்த நாளம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட பித்தநீரைச் சுரக்கிறது. அது கல்லீரல் செல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய கால்வாய்களில் ஊறி, சிறு நாளங்களில் சேர்ந்து, அங்கிருந்து பெரிய நாளங்கள் வழியாகப் பித்தப்பைக்கும் குடலுக்கும் போகிறது. உங்கள் நோய் பிடிப்பது இந்தப் பாதையின் நடுவில் வரும் சிறு நாளங்களைத்தான். அவற்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அல்ட்ராசவுண்டாலும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனாலும் அவ்வளவு சிறியதைக் காட்ட இயலாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்று வந்ததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கல்லோ கட்டியோ பெரிய நாளத்தை அடைக்கவில்லை என்பது தெளிவாகிறது, அவ்வளவுதான்.

பயாப்ஸித் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது இந்நோயின் முகம் தெரியும். ஆரோக்கியமான சிறு நாளத்தில், கனசதுர வடிவச் செல்கள் ஒரே வரிசையாக, சிறிய வளையம் போல நிற்கும். நோயுற்ற நாளத்தைச் சுற்றியோ லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் கருநீலப் புள்ளிகளாக மொய்த்திருக்கும். அவற்றில் சில அடிச்சவ்வைக் கிழித்துக்கொண்டு வளையத்துக்குள்ளேயே நுழைந்திருக்கும். வளையத்தின் செல்கள் சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் உதிர்ந்தும் கிடக்கும். அருகே விழுங்கு செல்கள் ஒன்றுகூடிச் சிறு முடிச்சாகத் திரண்டிருப்பதும் உண்டு. வியப்பு என்னவென்றால், சற்றுத் தள்ளியுள்ள அடுத்த நாளம் எந்தக் காயமும் இல்லாமல் இருக்கலாம். நோய் இப்படித் திட்டுத் திட்டாகப் பரவுவதால்தான், குறைந்தது பத்து நாளப் பகுதிகளாவது துணுக்கில் இருந்தால் ஒழிய நோய்க்குறியியலாளர்கள் உறுதியாகக் கருத்துச் சொல்லத் தயங்குவார்கள். நாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்து பாதிக்கும் குறைவாகும்போது பித்தநீர் வடிய வழியின்றித் தேங்குகிறது, குடலுக்குப் போக வேண்டிய பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. உங்கள் அரிப்பு அங்கிருந்து வருவது. தோலில் நோய் இல்லாததால்தான் களிம்பு பலிக்கவில்லை. கொலஸ்டிரமின் பொடியில் தொடங்கி, தேவைப்பட்டால் ரிஃபாம்பிசின் வரை இதற்கென்றே மருந்துகள் இருக்கின்றன. கொலஸ்டிரமின் மற்ற மருந்துகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், அதற்கும் இந்நோயின் முதல்நிலை மருந்தாகிய உர்சோ மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மருத்துவர் சொல்ல மறக்கக்கூடிய சிறிய செய்தி இது. ஆனால் மருந்து வேலை செய்வதும் செய்யாததும் பல வேளைகளில் இதில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் விலங்கியல் ஆசிரியர். என் தங்கைக்கு இந்த நோய் இருப்பதால் தேடிப் படித்தேன். ஏ.எம்.ஏ. தாக்கும் புரதம் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது என்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா இதயத்திலும் தசையிலும் மூளையிலும் இருக்கிறதே? அங்கெல்லாம் ஒன்றும் ஆகாமல் பித்த நாளம் மட்டும் ஏன் அழிகிறது? – வாசகர், மதுரை

பதில்: இந்நோயை ஆராய்பவர்களை அறுபது ஆண்டுகளாகத் தூங்கவிடாத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 1965இல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் ஆகியோர் அடங்கிய குழு ஏ.எம்.ஏ.வைக் கண்டறிந்தது, நோயாளிகளில் 90 முதல் 95 விழுக்காட்டினரிடம் அது இருக்கிறது. அந்த ஆன்டிபாடி எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது 1987இலும் 1988இலும்தான் தெளிவாயிற்று. பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதித் தொகுதியின் இ2 என்ற பகுதி அது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை ஒட்டியிருப்பது. லிப்போயிக் அமிலம் என்னும் சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் ஆன்டிபாடி குறிப்பாகப் பிடிக்கிறது. நீங்கள் சொல்வது போல, கருவுள்ள செல் எதை எடுத்தாலும் அநேகமாக அதில் இந்த இ2 இருக்கும்.

ஆனால் ஆன்டிபாடி மட்டும் தனியே செல்லைக் கொன்றுவிடுவதில்லை. ரத்தத்தில் ஏ.எம்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பில்லை. எனவே ஒருமுறை பாசிட்டிவ் வந்தபின் அந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. கொலையை நேரடியாகச் செய்வன லிம்போசைட்டுகளில் ஒரு வகையாகிய டி செல்கள். இ2 புரதத்தை அடையாளம் காணும் சி.டி.4 வகை டி செல்கள் நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கல்லீரலிலும் அதை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளிலும் 100 முதல் 150 மடங்கு கூடுதலாக இருப்பதை 1990களின் இறுதியில் கண்டார்கள். அதே புரதத்தை அடையாளம் காணும் சி.டி.8 வகை டி செல்களும் ரத்தத்தைவிடக் கல்லீரலில் ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி. சி.டி.8 செல் தன் இலக்கை ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியை உள்ளே செலுத்தும்; இலக்கான செல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டு இறக்கும். ஆன்டிபாடியும் சி.டி.4 செல்லும் சி.டி.8 செல்லும் ஒரே புரதத்தின் ஏறத்தாழ ஒரே இடத்தைக் குறிவைக்கின்றன என்பது தற்செயலாக இருக்க முடியாது.

அப்படியானால் பித்த நாளம் மட்டும் ஏன் என்பதற்கு இப்போது இரண்டு விடைகள் உள்ளன. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. சேர்த்தே படிக்க வேண்டியவை என்பது என் கருத்து.

முதல் விடை செல் இறக்கும் விதத்தில் இருக்கிறது. உடலின் மற்றச் செல்கள் திட்டமிட்டு இறக்கும்போது இ2 புரதம் வேதி மாற்றமடைந்து, ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. பித்தநாளச் செல்லோ இறக்கும்போது அதே புரதத்தைச் சிதையாமல் சிறு குமிழ்களில் வெளியே தள்ளுகிறது. இது 2009இல் வெளியான ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டது. அந்தக் குமிழ்களை ஏ.எம்.ஏ. பற்றிக்கொள்ள, நோயாளியின் விழுங்கு செல்கள் இரண்டையும் ஒன்றாகச் சந்திக்க, அழற்சியைத் தூண்டும் வேதித் தூதுகள் பெருமளவில் கொட்டப்படுகின்றன. இதயத் தசையில் இதே புரதம் இருந்தாலும் இப்படி முகங்காட்டி வெளியே வருவதில்லை.

இரண்டாம் விடை பித்தநீரோடு தொடர்புடையது. பித்த அமிலங்கள் கொழுப்பைக் கரைப்பவை. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். நாளத்தின் உட்சுவர்ச் செல்கள் இந்த ஆபத்தோடு காலமெல்லாம் வாழ்வதற்காகப் பைகார்பனேட்டைச் சுரந்து தங்கள் மேற்பரப்பைக் காரத்தன்மையுடன் வைத்துக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் இதைப் பைகார்பனேட் குடை என்றே அழைக்கிறார்கள். அந்தக் குடையை விரிப்பது ஏ.இ.2 என்னும் பரிமாற்றப் புரதம். (பெயர் ஒலி ஒத்திருந்தாலும் மேலே சொன்ன இ2 வேறு, இது வேறு.) இந்நோயாளிகளின் பித்தநாளச் செல்களில் ஏ.இ.2 குறைந்திருக்கிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ. 506 என்னும் சிறு மூலக்கூறு அதை அடக்குவது 2012இல் அறியப்பட்டது. குடை சுருங்கினால் பித்த அமிலங்கள் செல்லுக்குள் ஊடுருவுகின்றன, செல் முதுமையடைகிறது, எளிதில் இறக்கிறது. அது மட்டுமல்ல: முதுமையடைந்த பித்தநாளச் செல் வாளாவிருப்பதில்லை; டி செல்களையும் ஒற்றைக்கரு வெள்ளணுக்களையும் அழைக்கும் ஃப்ராக்டல்கைன் போன்ற வேதிப் பொருள்களை அதுவே சுரக்கிறது. மரபணு நீக்கி ஏ.இ.2 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் சிலவற்றுக்கு ஏ.எம்.ஏ. தோன்றி, நாளங்களைச் சுற்றி லிம்போசைட்டுகள் திரண்டதை 2008இல் கண்டிருக்கிறார்கள். குற்றமற்ற செல்லை எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தாக்குகிறது என்ற வழக்கமான கதைக்குள் இது அடங்கவில்லை. நோயில் அந்தச் செல்லுக்கும் பங்கு இருக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர், நகப்பூச்சுப் போடுவதால்தான் இந்த நோய் வருகிறது என்று எழுதியிருந்தார். உண்மையா? எனக்கு இந்த நோய் இருப்பதால் என் இரண்டு மகள்களுக்கும் வருமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நகப்பூச்சுக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. அமெரிக்காவில் 1032 நோயாளிகளையும் 1041 மற்றவர்களையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆய்வில், சிறுநீர்த்தொற்று வந்தவர்கள், புகைபிடித்தவர்கள், அடிக்கடி நகப்பூச்சுப் பயன்படுத்தியவர்கள் ஆகியோர் நோயாளிகளிடையே சற்றுக் கூடுதலாக இருந்தார்கள். அழகுசாதனங்களின் நறுமணத்துக்குச் சேர்க்கப்படும் 2-ஆக்டினோயிக் அமிலம் என்னும் பொருள், இ2 புரதத்தில் லிப்போயிக் அமிலம் இருக்கும் இடத்தில் ஒட்டவைக்கப்பட்டால் ஏ.எம்.ஏ. அதையும் பற்றிக்கொள்கிறது என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. சிறுநீர்த்தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமியிடமும் மனிதருடைய இ2வை ஒத்த புரதம் இருக்கிறது. கிருமியை எதிர்க்கப் பழகிய செல்கள் பின்னர் நம் புரதத்தையும் அதுவென்றே எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் தூண்டுதல்களாக இருக்கக்கூடியவை. நகப்பூச்சுப் போடும் கோடிக்கணக்கான பெண்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பதை உங்கள் குழுவில் எழுதியவர் சேர்த்து எழுதியிருக்கலாம். புகையை விடுவதற்கு மட்டும் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

பரம்பரையைப் பற்றி: ஒரே கருவில் பிறந்த இரட்டையர் எட்டு இணைகளை ஆராய்ந்தபோது ஐந்து இணைகளில் இருவருக்குமே நோய் இருந்தது, வெவ்வேறு கருவில் பிறந்த எட்டு இணைகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. மரபின் பங்கு பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மரபு மட்டுமே போதாது என்பதும் அந்த மீதி மூன்று இணைகளால் விளங்கும். நோயாளிகளின் மிக நெருங்கிய ரத்த உறவினர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரிடம் ஏ.எம்.ஏ. காணப்பட்டது, சகோதரிகளிடம் கூடுதலாகவும் மகள்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. நோயாக மாறுவது அதிலும் ஒரு பகுதிதான். உங்கள் மகள்கள் முப்பது வயதைக் கடந்தபின் வழக்கமான ரத்தப் பரிசோதனையோடு ஆல்கலைன் பாஸ்பேட்டேஸையும் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் ஆலோசனை. அது உயர்ந்திருந்தால் மட்டும் ஏ.எம்.ஏ. பார்க்கலாம்.

கேள்வி: மூட்டுவலிக்காகச் செய்த பரிசோதனையில் ஏ.எம்.ஏ. பாசிட்டிவ் என்று வந்தது. கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. மருந்து தொடங்க வேண்டுமா? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இப்போது வேண்டாம். இத்தகையவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே நோய் வெளிப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குப் பித்தநாள அழற்சி, என் மைத்துனருக்கு ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். இரண்டும் தன்னுடல் தாக்கு நோய் என்கிறீர்கள். மைத்துனருக்கு ஸ்டீராய்டு கொடுத்து இரண்டே மாதத்தில் என்சைம்கள் இறங்கிவிட்டன. என் மனைவிக்கு மட்டும் உர்சோ மாத்திரையை வாழ்நாள் முழுவதும் சாப்பிடச் சொல்கிறார்கள். அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தே இல்லையாமே? குற்றவாளி செல்களை விட்டுவிட்டுப் பித்தத்துக்கு மருந்து கொடுப்பது என்ன நியாயம்? – வாசகர், சேலம்

பதில்: நியாயமான கோபம்தான். உங்கள் மைத்துனருக்குத் தாக்கப்படுவது கல்லீரல் செல். அங்கே லிம்போசைட்டுகள் பிளாஸ்மா செல்களோடு சேர்ந்து கல்லீரல் செல் வரிசையின் ஓரத்தைக் கடிக்கின்றன. பிரெட்னிசோலோனும் அசாதயோபிரினும் அவற்றை அடக்கியதும் தாக்குதல் நிற்கிறது. கல்லீரல் செல்லுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் மிகுதி என்பதால் உறுப்பு விரைவில் தேறிவிடுகிறது.

உங்கள் மனைவியின் நோயிலும் இதே வழியைப் பல பத்தாண்டுகளாக முயன்று பார்த்தார்கள். பிரெட்னிசோலோன், அசாதயோபிரின், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் ஒவ்வொன்றாக வந்து ஏமாற்றின. இந்நோயாளிகளுக்கு ஏற்கெனவே எலும்பு தேயும் வாய்ப்பு மிகுதி என்பதால் ஸ்டீராய்டு கூடுதல் தீங்காகவும் அமைந்தது. 2009இல் நடந்த மரபணு ஆய்வு, இன்டர்லூக்கின் 12 என்னும் தூதுப் புரதத்தின் பாதையை ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டிக்காட்டியபோது, இனி வழி பிறந்துவிட்டது என்று எங்களில் பலர் நம்பினோம். அதே பாதையை மறிக்கும் உஸ்டெகினுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. டி செல்லின் தூண்டலைத் தடுக்கும் அபட்டாசெப்டும் பயனளிக்கவில்லை. ஆன்டிபாடி சுரக்கும் பரம்பரையைச் சேர்ந்த பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் நோயாளிகளின் களைப்பைப் போக்கவில்லை.

இந்தத் தோல்விகளை நான் புரிந்துகொள்வது இவ்வாறு. நோயைத் தொடங்கிவைப்பவை எதிர்ப்புச் செல்கள். ஆனால் தொடர்ந்து நடத்துவதில் பித்த அமிலத்துக்கும் அவற்றுக்குச் சமமான பங்கு இருக்கிறது. நாளம் காயமடைந்தால் பித்தம் தேங்குகிறது. தேங்கிய பித்தம் குடையிழந்த செல்களை மேலும் புண்ணாக்குகிறது. புண்ணான செல் முதுமையடைந்து மேலும் டி செல்களை அழைக்கிறது, இறந்த செல் இ2வை வெளியே காட்டுகிறது. நோய் வெளியே தெரிய வரும்போது இந்தச் சுழற்சி பல ஆண்டுகள் ஓடியிருக்கும். அந்நிலையில் செல்களை மட்டும் அடக்கினால் பித்தம் தன் வேலையைத் தொடர்கிறது. சுழற்சியை எந்த இடத்தில் வெட்டினாலும் பலன் உண்டு. வெட்டுவதற்கு இதுவரை எளிதாக இருந்த இடம் பித்தம்தான்.

உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் நீர்விரும்பிப் பித்த அமிலம். அது உட்சென்று தீங்கு மிகுந்த பித்த அமிலங்களின் விகிதத்தைக் குறைக்கிறது, கல்லீரலிலிருந்து பித்தம் வழிந்தோடுவதைத் தூண்டுகிறது, பைகார்பனேட் சுரப்பையும் கூட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்நோய்க்கு 1997இல் அதற்கு ஒப்புதல் தந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. உங்கள் மனைவி 60 கிலோ என்றால் 300 மில்லிகிராம் மாத்திரை மூன்று. நான் பார்க்கும் சீட்டுகளில், நாளுக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் எழுதப்பட்டு, மருந்து பலிக்கவில்லை என்று அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். எனவே மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டுமுன் சீட்டில் உள்ள ஒரு நாள் அளவை எடையால் வகுத்துப் பாருங்கள்.

சரியான அளவில் ஓராண்டு எடுத்தும் நாற்பது விழுக்காட்டினர் வரை போதுமான அளவு தேறுவதில்லை. அவர்களுக்கு அடுத்த படி உண்டு. 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், உர்சோவோடு பெசாஃபைப்ரேட் சேர்த்து இரண்டாண்டு தரப்பட்டவர்களில் 31 விழுக்காட்டினருக்கு எல்லாக் கல்லீரல் பரிசோதனைகளும் இயல்புநிலைக்குத் திரும்பின. பெசாஃபைப்ரேட்டுக்குப் பதிலாக மருந்தில்லாத வெறும் மாத்திரை சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. அதே குடும்ப வழியில் வந்த எலஃபிப்ரனார், செலடெல்பார் ஆகிய இரண்டுக்கும் 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் ஃபீனோஃபைப்ரேட்டைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். 2016இல் பெரும் எதிர்பார்ப்புடன் வந்த ஒபெட்டிகோலிக் அமிலமோ அரிப்பைக் கூட்டியது. முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்குத் தீங்கும் செய்தது. ஐரோப்பாவில் அதன் ஒப்புதல் 2024இல் நீக்கப்பட்டது.

உங்கள் மனைவி களைப்பைப் பற்றிச் சொன்னால் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். பரிசோதனை எண்கள் இறங்கிய பின்னும் இந்நோயின் களைப்பு நீடிக்கும். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணும் வாயும் உலர்வதும் உண்டு. எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். உர்சோ மாத்திரை கரடியின் பித்தத்திலிருந்து எடுக்கப்படுகிறதா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: கரடியின் பித்தத்தில் இந்த அமிலம் மிகுதியாக இருப்பதும், சீன மருத்துவத்தில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டதும் உண்மை. இன்று கடையில் வாங்கும் மாத்திரைக்குக் கரடி தேவையில்லை. தொழிற்சாலைகளில் வேதிமுறையில் மாற்றித் தயாரிக்கிறார்கள். ஆனால் அந்த வேதிமாற்றத்துக்கான மூலப்பொருள் பெரும்பாலும் மாடு முதலிய இறைச்சி விலங்குகளின் பித்தத்திலிருந்தே கிடைக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்நோய்க்கு அதற்கு ஈடான முதல்நிலை மருந்து வேறில்லை.

கேள்வி: என் மகனுக்கு வயது 24. பெருங்குடல் புண் நோய்க்காக மூன்றாண்டாகச் சிகிச்சை. இப்போது எம்.ஆர்.சி.பி. எடுத்துவிட்டு, பித்த நாளம் மணிமாலை போலத் தெரிகிறது, பி.எஸ்.சி. என்கிறார்கள். ஏ.எம்.ஏ. நெகட்டிவ். இதுவும் மேலே சொல்லும் நோய்தானா? – வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை, இது பிரைமரி ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ், அதாவது நாளம் தழும்பேறிச் சுருங்கும் வேறொரு நோய். இது ஆண்களிடம் மிகுதி, பெரிய நாளங்களையும் பிடிக்கும், ஆகவே ஸ்கேனில் தெரியும். நாளத்தைச் சுற்றி நார்த்திசு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் படிவது இதன் அடையாளம். மேலைநாடுகளில் இந்நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்குக் குடல் அழற்சியும் இருக்கிறது. குடலில் பயிற்சி பெற்ற டி செல்கள் கல்லீரலுக்கு இடம்பெயர்கின்றன என்ற கருத்துக்குச் சான்று உண்டு: குடலின் ரத்தக் குழாய்களில் மட்டும் இருக்க வேண்டிய மேட்கேம் என்னும் ஒட்டுப் புரதம் இந்நோயாளிகளின் கல்லீரல் குழாய்களிலும் முளைத்திருப்பதையும், குடலுக்குரிய முகவரி தாங்கிய டி செல்கள் அங்கே வந்து ஒட்டுவதையும் கண்டிருக்கிறார்கள். எனினும் டி செல்களை அடக்கும் மருந்து எதுவும் இதன் போக்கை மாற்றியதாக நிறுவப்படவில்லை. உர்சோவும் இங்கே அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை; நாளொன்றுக்குக் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் வரை கூட்டிக் கொடுத்த ஆய்வில் நோயாளிகள் நிலை மோசமானது 2009இல் தெரிந்ததால், தாமாக அளவைக் கூட்டுவது கூடாது. காய்ச்சலும் குளிரும் மஞ்சளும் ஒருசேர வந்தால் நாளத்தில் தொற்று என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் நோயும் சேர்ந்திருப்பதால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது; குடல் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ளச் சொல்லுங்கள். பித்த நாளத்திலேயே புற்று தோன்றும் வாய்ப்பும் இந்நோயில் இருப்பதால் ஸ்கேனையும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: கல்லீரல் என்றாலே எங்கள் ஊரில் கீழாநெல்லிதான். எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் கொடியும் குடிக்கலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: கீழாநெல்லி நம்மிடம் பெயர் பெற்றது வைரஸால் வரும் மஞ்சள் காமாலைக்கு, அதிலும் பெரும்பாலான காமாலைகள் தாமாகவே சில வாரங்களில் தணிபவை. டி செல்கள் பித்த நாளத்தை அழிக்கும் நோயில் அது பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை. சீந்திலைப் பற்றி எச்சரிக்கை தேவை. கொரோனாக் காலத்தில் பலரும் அதைக் குடித்தார்கள். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸை ஒத்த கல்லீரல் பாதிப்பு அவர்களில் சிலருக்கு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். சீந்தில்தான் காரணமா, அதைப் போன்ற வேறு கொடி கலந்ததா என்பதில் ஆயுஷ் அமைச்சகம் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், எதிர்ப்புச் செல்கள் ஏற்கெனவே அத்துமீறியிருக்கும் ஒருவர் அவற்றைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதையும் குடிப்பது பொருத்தமன்று.

கேள்வி: என் அக்காவுக்குப் பித்தநாள அழற்சி முற்றி, கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்குப் பதிவு செய்திருக்கிறோம். புதிய கல்லீரலிலும் அந்தச் செல்கள் இதே வேலையைச் செய்யுமா? – வாசகி, சென்னை

பதில்: சிலருக்குச் செய்யும். கல்லீரலை மாற்றினாலும் ஏ.எம்.ஏ. ரத்தத்தில் நிலைத்திருக்கிறது, இ2வை அடையாளம் காணப் பழகிய செல்களும் உங்கள் அக்காவின் எலும்பு மஜ்ஜையையும் நிணநீர் முடிச்சுகளையும் விட்டுப் போவதில்லை. கொடையாளியின் திசு வகை வேறாக இருந்தும் நோய் திரும்புவது முதலில் எங்களுக்கு வியப்பளித்தது. டி செல் தன் இலக்கை அறிய அதே திசு வகை வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆனால் இறக்கும் பித்தநாளச் செல் வெளிவிடும் இ2வும், அதைப் பற்றும் ஆன்டிபாடியும், இரண்டையும் விழுங்கும் செல்லும் சந்திப்பதற்கு அந்த விதி குறுக்கே நிற்பதில்லை. இ2 எல்லா மனிதருக்கும் ஒன்றுதான்.

அதனால் அறுவைக்குத் தயங்க வேண்டியதில்லை. இந்நோய்க்காக மாற்றுக் கல்லீரல் பெற்றவர்கள் நெடுங்காலம் நலமாக வாழ்வது கல்லீரல் மாற்றுச் சிகிச்சையிலேயே சிறந்த முடிவுகளில் ஒன்று. நோய் திரும்பினாலும் பெரும்பாலும் மெதுவாகவே நகர்கிறது. திரும்பியிருக்கிறதா என்பதை ஏ.எம்.ஏ.வைக் கொண்டு சொல்ல முடியாது, பயாப்ஸிதான் வேண்டும். அறுவைக்குப் பின் முன்னெச்சரிக்கையாக உர்சோ தொடங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்ததை 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் இதைப் பற்றி இப்போதே கேட்டு, அறுவைக்குப் பின் எந்த நாளிலிருந்து, எந்த அளவில் தொடங்குவது என்பதைக் கோப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.